கொரியர் காசுக்கு வரி இல்லை என்றேன்

நான் ஒரு பெண்ணைத் திருடி ஆக்கினேன்.

அவள் எதையும் திருடவில்லை. அது எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். அவளைத் தவிர அதை ஐயமற அறிந்தவன் நான் ஒருவன்தான்... அப்படியிருந்தும் வாயைத் திறக்கவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் யாரோ, எவரோ. உங்களிடம் மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. மன்னிக்க வேண்டியவர்கள் நீங்கள் அல்லர். பெயர்களைக்கூட மாற்றித்தான் எழுதுகிறேன். வாக்குமூலத்திலும் ஒரு கோழைத்தனம்! அதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலி டவுன்ஷிப் மெயின் பஜாரில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியறையில் என் அலுவலகம். சிறு வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்த்து, மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது தொழில். என் தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். மகனை ஆடிட்டர் ஆக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஐந்து முறை தேர்வு எழுதினேன். ஐந்து முறையும் தோற்றேன். அவர் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனபோதும் நான் தேறியிருக்கவில்லை.

ஆனாலும் பஜாரில் என்னை எல்லாரும் 'ஆடிட்டர் சார்' என்றே கூப்பிட்டார்கள். நான் யாரையும் திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை என்று கேட்கிறீர்களா? கேட்கக் கேட்க இனித்தது... அவ்வளவுதான். ஆடிட்டர் என்று ஆன பிறகு, 'எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று ஒருவரிடமும் சொல்ல முடியாமல் போயிற்று.

மல்லிகா என்னிடம் வந்தது அவளுடைய வியாபாரம் தலையெடுத்துக்கொண்டிருந்த சமயம். அவள் கணவர் ஏழுமலை சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பல ஆண்டுகளாக பெர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று காத்திருந்தவர். டவுன்ஷிப்புக்கு வெளியே இரண்டு அறை கொண்ட ஒரு வீடு. மல்லிகாவுக்குப் பிறந்த ஊர் காடாம்புலியூர். அங்கிருந்து முந்திரிப் பருப்பு வாங்கி வந்து, மிளகு போட்டும் பூண்டு போட்டும் வறுத்து, அழகான பொட்டலங்களாகக் கட்டி, போன் வழியாகவே விற்றாள். பெங்களூரு, புனே, ஐதராபாத் என்று ஆர்டர்கள் வரத் தொடங்கின. வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்ப வேண்டுமானால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

அவளோடு இன்னொரு பெண்ணும் வந்திருந்தாள். ஏழுமலையின் தங்கை, அமுதா.

அமுதாவின் கணவன் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். ஒரே மகளோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியலில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவளாம். அதற்குமேல் படிக்க வைக்க ஆளில்லை. பில் போடுவது, கொரியருக்குக் கட்டுவது, நோட்டில் வரவு எழுதுவது எல்லாம் அவள்தான். அவளுடைய கையெழுத்து! அச்சடித்தது போல இருக்கும். ஒரு அடித்தல் இராது. இருபது ஆண்டுத் தொழிலில் அப்படியொரு கணக்கு நோட்டை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் பிற்பகல் அமுதா மட்டும் வந்தாள். அலுவலகத்தில் வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் துணிப்பையிலிருந்து ஒரு பில்லை எடுத்து மேசைமேல் வைத்தாள். மகளுக்குப் பள்ளிப் பை வரவழைத்தபோது உறைக்குள் இருந்த பில்.

"சார், ஒரு சந்தேகங்க. இந்தக் கம்பெனிக்காரங்க அனுப்புற செலவுக்கும் ஏதோ வரி கணக்கு போட்டுக்கிறாங்க. நாம முந்திரிக்கு மட்டும்தான வரி போட்டுக்கினு வர்றோம். கொரியர் காச தனியா வாங்குறோமே, அதுக்கும் போடணுங்களா?"

நல்ல கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கு விடை தெரியாது.

காத்திருந்த இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சிரித்தேன்.

"அது உங்க வருமானமாம்மா? கஸ்டமர்கிட்ட வாங்குறீங்க, அப்படியே கொரியர்காரர்கிட்ட குடுக்குறீங்க. கை மாத்தி விடுற காசுக்கு யாராவது வரி கட்டுவாங்களா? அவங்க பெரிய கம்பெனி, அவங்களுக்கு வேற சட்டம். கொரியர் காசுக்கு வரி இல்லை. போங்க."

காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். அமுதாவின் முகம் சிறுத்தது. ஆனாலும் நோட்டைப் பிரித்து, அன்றைய தேதியைப் போட்டு, ஒரு வரி எழுதினாள்: 'கொரியர் கட்டணத்துக்கு வரி வேண்டாம். ஆடிட்டர் சார் சொன்னது.'

"மறந்துடும் சார், அதான்," என்றாள்.

அறியாமையால் சொன்ன சொல் அது. அதோடு நின்றிருந்தால் நான் இன்று உங்கள் முன் நிற்க மாட்டேன். தவறு செய்யாத மனிதன் உண்டா?

ஓராண்டு கழிந்தது. ஒரு ஹார்டுவேர் கடைக்காரரின் கொள்முதல் பில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்ட் டப்பாக்களோடு சேர்த்து லாரிக் கூலியையும் பில்லில் போட்டு, பெயிண்டுக்கு என்ன வரியோ அதே வரியைக் கூலிக்கும் போட்டிருந்தார்கள். அமுதா மேசைமேல் வைத்த பில் நினைவுக்கு வந்தது. என்னோடு தேர்வு எழுதி, முதல் முறையே தேறி, இப்போது கடலூரில் ஆடிட்டராக இருக்கும் ஒரு பழைய நண்பனுக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு வியாபாரி கேட்டதாகப் பொய் சொல்லித்தான் கேட்டேன்.

அவன் எளிமையாகச் சொன்னான்.

"விக்கிறவங்க தன்னோட பில்லுல எந்தப் பேருல காசு வாங்குனாலும் அது சரக்கோட விலையில சேந்ததுதான்டா. முந்திரிய அனுப்புனா, முந்திரிக்கு என்ன வரியோ அதுதான் அனுப்புற செலவுக்கும். வாங்குறவரே கொரியர்காரர புடிச்சு அவருக்கே காசு குடுத்தா அது வேற கதை. ஆனா ஒண்ணு, கொரியர் கம்பெனி போடுற பில்லுல வரி இருக்குமில்ல? அத இவங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம். என்ன, அதுக்கு ஒரு கெடு இருக்கு. கெடு தாண்டுனா போச்சு."

போனை வைத்தேன். மல்லிகாவின் கணக்கை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சரியாகச் செய்திருந்தால் அவள் கையிலிருந்து போயிருக்கக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை! கொரியருக்கு அவள் கட்டிய வரியே இதை ஈடுகட்டியிருக்கும். அந்தக் கொரியர் பில்களை 'நமக்குச் சம்பந்தமில்லை' என்று நான்தான் ஒதுக்கி வைத்திருந்தேன்.

அன்றே அவர்களைக் கூப்பிட்டு, 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், திருத்திவிடலாம்' என்று சொல்லியிருக்கலாம். பாதிக்கு மேற்பட்ட பில்களுக்கு இன்னும் கெடு தாண்டவில்லை. சிறு தொகையோடு தீர்ந்திருக்கும்.

சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்றேன். பிறகு, அடுத்த மாத ரிட்டர்னின்போது என்றேன். வறுத்த முந்திரி விற்கிற ஒரு பெண்ணின் கணக்கை யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றேன். இனிமேலாவது சரியாகப் போடச் சொல்லலாமே? அதையும் செய்யவில்லை. திடீரென்று போடச் சொன்னால், 'அப்போ இத்தனை நாளும்?' என்று அமுதா கேட்பாள். அவள் கேட்பாள்... எனக்குத் தெரியும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, தவறு என்று தெரிந்தே மாதாமாதம் தவறான ரிட்டர்னைப் போட்டேன். என்னைப் போன்றவனை என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்?

கெடுவும் தாண்டிற்று.

பிறகு வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. வங்கிக் கணக்குக்கு வந்த பணத்துக்கும் ரிட்டர்னில் காட்டிய விற்பனைக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று கேட்டிருந்தார்கள். வித்தியாசம் முழுவதும் கொரியர் கட்டணம்.

மல்லிகா போனைக் கையில் பிடித்தபடி மாடிப்படி ஏறி வந்தாள். ஏழுமலை ஷிப்ட் முடிந்து சீருடையோடே வந்திருந்தார், கால்சட்டையில் கரிப்புழுதி. நாற்காலி அழுக்காகிவிடும் என்று உட்காராமலே நின்றார்.

"இன்னா சார் இது? நாம ஏமாத்திட்டோம்னா சொல்றாங்க?" மல்லிகா போனில் நோட்டீஸைக் காட்டினாள். "நீங்க சொன்னபடிதான சார் எல்லாம் செஞ்சிக்கினு வர்றோம்?"

நீங்க சொன்னபடிதான... அந்தச் சொல் என்னைச் சுட்டது. பஜார் முழுக்கப் பரவும் என்று தோன்றியது. 'ஆடிட்டரே இல்லையாம், இவன் பேச்சைக் கேட்டுத்தான் போச்சாம்...' எனக்குக் குடும்பம் இருந்தது, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். சொல்லப் போவதில்லை. பயந்தேன். அவ்வளவே.

"பில் போட்டவங்க கொரியர் காசைத் தனியாப் பிரிச்சு, வரி போடாம விட்டிருக்காங்கம்மா," என்றேன்.

"அமுதாவா? அவ உங்களக் கேட்டுத்தான் செஞ்சதா சொன்னாளே?"

"நான் அப்படிச் சொல்லுவேனாம்மா?"

எவ்வளவு இயல்பாக வந்தது தெரியுமா! நாவு தடுமாறவில்லை. முகம் மாறவில்லை. மல்லிகா தலையாட்டினாள். ஆடிட்டர் சொல்வதா, நாத்தனார் சொல்வதா? நான் சொன்னதைத்தான் அவள் நம்பினாள்.

மறுநாள் அமுதா வந்தாள். பதில் எழுத நோட்டுகள் வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். அவளிடம் கோபமே இல்லை. எனக்கு நினைவுபடுத்தினால் போதும் என்று நம்பி வந்திருந்தாள்.

"சார், உங்களுக்கு நெனப்பு இல்லேன்னு அண்ணி சொன்னாங்க. எவ்ளோ பேரு வந்துக்கினு போறாங்க, எல்லாத்தையும் நெனப்பு வச்சிக்க முடியுமா? ஆனா நான் தேதி போட்டு எழுதி வச்சிக்கிறேங்க. இத ஆபீசருகிட்ட காட்டுனா, நாம வேணும்னு செய்யல, கேட்டுத்தான் செஞ்சோம்னு புரிஞ்சிடும் பாருங்க."

பக்கத்தைத் தானே பிரித்துக் காட்டினாள். அந்த ஒரு வரி... அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்தில்.

"சரிம்மா, வச்சிட்டுப் போங்க," என்றேன்.

அவள் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும் அந்தத் தாளைக் கிழித்தேன். நோட்டின் மறுபாதியில் அதன் இணைத்தாள் தளர்ந்தது. அதையும் உருவினேன். இரண்டையும் சிறு துண்டுகளாக்கி, கீழே டீக்கடை அடுப்பருகே இருந்த குப்பைக் கூடையில் போட்டேன். ஒரு டீயும் குடித்தேன். அதை நான் மறைக்க விரும்பவில்லை... சர்க்கரை கூடப் போடச் சொல்லிக் குடித்தேன்.

பதில் கடிதத்தை நான்தான் எழுதினேன். 'பில் எழுதிய பணியாளரின் கவனக்குறைவால், உரிமையாளருக்குத் தெரியாமல் நேர்ந்த பிழை' என்று எழுதி மல்லிகாவின் கையெழுத்தை வாங்கி, நோட்டுகளையும் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். வரியையும் வட்டியையும் அபராதத்தையும் கட்டச் சொன்னார்கள். மல்லிகா தன் மகளுக்கென்று சேர்த்திருந்த நகை அடகுக்குப் போயிற்று.

கையெழுத்துப் போட்ட அன்று மல்லிகா கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"தெரியாமன்னு போட்டுக்கிறீங்களே சார்..." என்று இழுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவ அந்தக் காசுல ஏதாவது எடுத்துக்கினாளா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் அமுதாவின் கணக்கை வரி வரியாகப் பார்த்திருந்தேன். வசூலான கொரியர் கட்டணம் காசு குறையாமல் வங்கியில் வரவாகியிருந்தது. இல்லைம்மா. ஒரே சொல்!

நான் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தேன். மேசைமேல் இருந்த தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினேன்.

"அதெல்லாம் முழுசாப் பார்த்தாத்தான்மா தெரியும்," என்றேன்.

மல்லிகா மேற்கொண்டு கேட்கவில்லை. சிலர் மழுப்பலைத்தான் பதிலாக எடுத்துக்கொள்வார்கள். அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த வாரமே அமுதாவும் மகளும் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவள் என்னிடம் வந்தாள். கையில் அதே துணிப்பை, வேறு ஒன்றுமில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நோட்டுல அந்தப் பக்கம் இல்லைங்க சார்."

நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கியாவது வுழுந்துடுச்சோ என்னவோ. பரவால்லங்க. நீங்க ஒரே ஒரு வார்த்தை அண்ணிகிட்ட சொன்னா போதும். நான் வந்து கேட்டேன், நீங்க சொன்னீங்கன்னு. தப்பு யாரு மேலன்னு கூட வாணாம். திருடலன்னு மட்டும் சொல்லுங்க. எம் பொண்ணு பன்னண்டாவது படிக்குது சார். அதும் காதுல அவங்க ஆயாவ திருடின்னு சொல்றாங்க."

அந்தப் பக்கத்தில் ஆயா என்றால் அம்மா.

"எனக்கு ஞாபகமில்லைம்மா," என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. என் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். அந்தக் கணத்தில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்... தாள் தானாக விழவில்லை என்பது உட்பட.

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இதோடு முடிந்ததா என்கிறீர்களா? இல்லை. இனி சொல்லப் போவதற்கு எனக்கு அவசியம்கூட இருக்கவில்லை. அதனாலேயே இதுதான் என்னை அதிகம் தின்கிறது.

இரண்டு மாதம் கழித்து பஜாரில் உள்ள ஒரு ஜவுளிக்கடை முதலாளி போன் செய்தார். அவரும் என்னிடம் கணக்குப் பார்ப்பவர்தான். பில் போட ஆள் வேண்டும், அமுதா என்று ஒரு பெண் வந்து கேட்டாள், முன்பு உங்களுக்குத் தெரிந்த இடத்தில் இருந்தாளாமே, எப்படி என்றார்.

அந்தக் கடை என் அலுவலகத்துக்கு எதிர் வரிசை. அவளைச் சேர்த்துக்கொண்டால், தினமும் காலையில் நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போது அவள் அங்கே நிற்பாள். என்னைப் பார்ப்பாள். பார்க்காவிட்டாலும், அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியும்.

"கொஞ்சம் யோசிச்சு எடுங்க," என்றேன்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அதன்பிறகு டவுன்ஷிப்பில் அவளுக்கு எவரும் வேலை தரவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு காடாம்புலியூர்ப் பக்கம் போய், ஒரு முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைக்கிற வேலையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஏழுமலை ஒரு முறை தனியாக வந்தார். காலை ஷிப்டுக்குப் போகிற பேருந்தைத் தவறவிட்டுவிட்டு வந்திருந்தார். படியின் கடைசியில் நின்றுகொண்டே பேசினார்.

"சார், வூட்டுல மல்லிகா பேச்ச என்னால மீற முடியல. ஊட்டி வளத்த பொண்ணு சார் அது. எங்கம்மா போகசொல்ல எங்கையிலதான் புடிச்சுக் குடுத்துட்டுப் போச்சு. எனக்கு மட்டும் சொல்லுங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எந்தங்கச்சி எடுத்துச்சா?"

பெரிய உடம்புக்காரர். கைகளைக் கட்டிக்கொண்டு, மாணவன் ஆசிரியர் முன் நிற்பது போல நின்றார்.

"உறுதியா எதுவும் சொல்ல முடியாது ஏழுமலை," என்றேன்.

நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. பிறகு, "சரிங்க" என்று போய்விட்டார். அண்ணனுக்கும் தங்கைக்கும் அதே 'சரிங்க'தான்.

அடுத்த கோடையில் அவர் இறந்தார். காலையில் குளித்துவிட்டு வந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சரிந்துவிட்டாராம். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் மாலையோடு போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். சீருடையோடே வந்திருந்த கான்ட்ராக்ட் தொழிலாளிகள் வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். பாடை கட்டி முடிகிற நேரத்தில் ஒரு சலசலப்பு. அமுதா வந்திருந்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஓடியே வந்திருப்பாள் போலும், மூச்சு இரைத்தது. பின்னால் மகள்.

"அண்ணா..." என்று ஒரு குரல்தான் கொடுத்தாள். மல்லிகா பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்துவிட்டாள்.

"திருடுன கையால எம் புருஷனுக்கு வாய்க்கரிசி போட வாணாம்! அந்தக் கவலையிலயே போயிட்டாரு மனுசன்! போடி!"

உறவுக்காரர் ஒருவர், "சாவு வூட்டுல இன்னாத்துக்கும்மா இது, வுடு" என்று சமாதானம் செய்யப் பார்த்தார். மல்லிகா கேட்கவில்லை. கூட்டம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றது.

நானும் நின்றேன். பத்தடி தூரம். வாயைத் திறந்தால் எல்லாருக்கும் கேட்கும். 'அவள் எடுக்கவில்லை, பழி போட்டது நான்தான்' என்று சொன்னால் அந்த வாசலிலேயே என்னை அடித்திருப்பார்கள். அடிக்கட்டுமே! அதற்காகவா பயந்தேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கையில் மாலை இருந்தது. அதன் ஈரம் விரல்களுக்கிடையே வழிந்துகொண்டிருந்தது.

அமுதா கூட்டத்தில் என்னைப் பார்த்தாள். என் பக்கம் ஒரு அடிகூட வைக்கவில்லை. எதுவும் கேட்கவில்லை. ஊர்வலம் கிளம்பும்வரை தெருமுனையில், ஒரு புளிய மரத்தடியில், மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனின் முகம் அவளைக் கடந்து போயிற்று. கையிலிருந்த அரிசியை அவள் மண்ணில்தான் போட்டாள்.

அதன்பிறகு எனக்கு உண்ட சோறு செரிக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் ஒருவேளை இரங்குவீர்கள். பொய். செரித்தது. என் மகள் திருமணம் நடந்தது. தொழிலும் நன்றாகவே நடந்தது. ஆனால், எந்தப் பில்லில் அனுப்பும் செலவு என்று ஒரு வரியைக் கண்டாலும் கை நின்றுவிடும். என் தொழிலில் அந்த வரி இல்லாத பில் எங்கே இருக்கிறது?

எட்டு மாதம் பொறுத்து, ஒரு நாள் முற்பகல், காடாம்புலியூருக்குப் பேருந்து ஏறினேன்.

தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. வறுத்த முந்திரிக்கொட்டையின் காரப்புகை கண்ணைக் கரித்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டுத் தொட்டுக் கொட்டையைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் சொல்லியனுப்பினேன். அமுதா எழுந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தும் போகாத கறுப்பு. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெந்து, தோல் உரிந்திருந்தன.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். விடை தெரியாமல் சிரித்ததை, தெரிந்த பிறகு மறைத்ததை, தாளைக் கிழித்ததை, ஜவுளிக்கடைப் போனை. சொல்லும்போது அழுதேன். அவள் அழவில்லை.

"எனக்குத் தெரியும் சார்," என்றாள். "அன்னிக்கே தெரியும். எனக்குத் தெரியாததா? தெரிய வேண்டியவரு போயிட்டாரே."

கொட்டகைக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"நான் மல்லிகாகிட்ட சொல்லிடறேன்மா. நாளைக்கே சொல்லிடறேன்."

"எதுக்கு?"

கேட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"சொன்னா அண்ணி வருவாங்க. எங்கையப் புடிச்சிக்கினு அழுவாங்க. வூட்டுக்கு வா வான்னு கூப்புடுவாங்க. அண்ணன் இல்லாத வூட்டுல போயி நான் இன்னா பண்றது? எம் பொண்ணு கடலூரு காலேஜுல சேந்துடுச்சு. கணக்குப் பாடம் மட்டும் வாணாம்னுட்டேன். எங்க பொழப்பு ஓடிக்கினு இருக்குது."

"அப்போ... சொல்ல வேண்டாங்கறீங்களா?"

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. முதல் முறையாக.

"நான் அப்பிடிச் சொல்லல. சொல்லுங்கன்னும் சொல்லல. நீங்க சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். அதுக்கு எங்கிட்ட உத்தரவு கேக்காதீங்க. நான் சொன்னேன்னு நாளைக்கு அதையும் எம்மேல போடுவீங்க."

திரும்பி உள்ளே போனாள். தன் இடத்தில் உட்கார்ந்தாள். சாம்பலைத் தொட்டாள்.

அதன்பின் எத்தனை நாளைக்குகள் போயிருக்கின்றன! மல்லிகாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், கணவன் இறந்த வாசலில் தான் சொன்ன சொல்லை அவள் எப்படித் தாங்குவாள் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். உண்மையிலேயே அவளுக்காகத்தான் கேட்கிறேனா? அல்லது அமுதாவின் பின்னால் ஒளிந்தது போதாமல், இப்போது மல்லிகாவின் துயரத்தின் பின்னாலும் ஒளிகிறேனா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இன்றும் மல்லிகாவின் ரிட்டர்னை நான்தான் போடுகிறேன். இப்போதெல்லாம் கொரியர் கட்டணத்துக்கும் வரி உண்டு; கொரியர் பில்லின் வரியை ஒரு காசு விடாமல் கழித்துக் கொடுக்கிறேன். அபராதத்துக்கு அடகு வைத்த நகையை அவள் மீட்டுவிட்டாள்.

போன வாரம் பில்களோடு வந்திருந்தாள். முன்பைவிட மெலிந்திருந்தாள். ஆர்டர் கூடிவிட்டதாம், வறுப்பதும் கட்டுவதும் பில் போடுவதும் ஒருத்தியாகத் தன்னால் முடியவில்லை என்றாள்.

"பில் போட ஒரு ஆளு பாத்துக் குடுங்க சார். உங்களுக்குத்தான் பஜார்ல நாலு பேரத் தெரியுமே. சம்பளம் கூடக் கேட்டாலும் பரவால்ல. நம்பிக்கையான ஆளா இருக்கணும். அமுதா மாதிரி பண்ணாத ஆளா."

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்...

"பாக்குறேன்மா," என்றேன்.